இரண்டாவது சேலை எங்கே போனது?

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவின் தீபாவளி நெரிசலுக்குப் பயந்து, கேஎல் சென்ட்ரல் போகும் கொமுட்டரில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் சேலை வாங்குகிறீர்கள். கூடையில் இரண்டு போட்டாயிற்று. பிரிக்பீல்ட்ஸ் வந்து இறங்கும்போது பார்த்தால் ஒன்றுதான் இருக்கிறது. மறுபடி திறந்தால் இரண்டு! தப்பு உங்கள் விரலில் இல்லை.

கூடை கைப்பேசியில் இருப்பதில்லை; கடைத் தளத்தை ஓட்டும் சர்வரில் இருக்கிறது. கைப்பேசியிடம் இருப்பது ஓர் அடையாள எண் மட்டும்; ஜாவா தளங்களில் பெரும்பாலும் 'ஜேசெஷன்ஐடி' என்ற குக்கி. நம் மளிகைக் கடைகளில் கடன் எழுதும் 555 புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் உங்கள் பக்கத்தைப் புரட்டுவார். சர்வரும் எண்ணைப் பார்த்து உங்கள் பக்கத்தைப் புரட்டுகிறது. அதுதான் செஷன். மாற்றி அமைக்காவிட்டால், ஜாவா தளங்களை ஓட்டும் டோம்கேட் சர்வர் 30 நிமிடம் உங்களைக் காணாதபோது அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடும்.

பண்டிகைக் கூட்டத்துக்கு ஒரு சர்வர் தாங்காது. மூன்று நான்கைச் சேர்த்துக் கிளஸ்டராக ஓட்டுவார்கள். புத்தகமும் மூன்று நான்காகிறது. ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பலாம். அது படுத்தால் கூடையும் போய்விடும். அதனால் பிரதி எடுக்கிறார்கள். டோம்கேட்டின் டெல்டாமேனேஜர் எல்லா சர்வர்களுக்கும் பிரதி அனுப்பும். சர்வர்கள் பெருகினால் அதுவே பெரும் சுமை. பேக்கப்மேனேஜர் ஒரே ஒரு துணைப் பிரதியோடு நிறுத்திக்கொள்ளும். ரெடிஸ் போன்ற பொதுக் கிடங்கில் செஷனை வைப்பவர்களும் உண்டு.

சிக்கல் ஒரு வரி நிரலில் இருக்கிறது. முதல் சேலையின்போது கூடை புதிது. நிரலாளர் அதை 'செட்அட்ரிபியூட்' கட்டளையால் செஷனில் வைத்தார். பிரதி போனது. இரண்டாவதற்கு 'கெட்அட்ரிபியூட்' கட்டளையால் கூடையை எடுத்தார், சேலையைப் போட்டார், அதோடு விட்டார். ஒற்றை சர்வரில் இது குறையே இல்லாமல் ஓடும். கையில் இருப்பதும் செஷனில் இருப்பதும் ஒரே கூடைதானே. ஆனால் டெல்டாமேனேஜர் கூடைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. மறுபடி 'செட்அட்ரிபியூட்' கட்டளை வந்தால்தான் மாற்றம் நடந்ததென்று அதற்குத் தெரியும். இரண்டாவது சேலை ஒரே சர்வரில் தங்கிவிட்டது. வேறு சர்வர் பதில் சொன்னால் ஒன்று, அந்த சர்வர் பதில் சொன்னால் இரண்டு.

நிரலாளர்களே, மாற்றிய கூடையை 'செட்அட்ரிபியூட்' கட்டளையால் திரும்ப செஷனில் வையுங்கள். கூடையில் சேலையின் படத்தை அல்ல, எண்ணை மட்டும் வையுங்கள், பிரதி இலேசாகும். சோதனையின்போதே இரண்டு சர்வர்களை ஓட்டி, வாங்கும் நடுவில் ஒன்றை நிறுத்திப் பாருங்கள்.