முயல் வேட்டை நாய்ப் பயிற்சி

முயல் வேட்டை நாய்ப் பயிற்சி என்பது, கண்ணால் இரையைக் கண்டு ஓடிப் பிடிக்கும் நாய் இனங்களின் குட்டிகளை, வளர்ப்பவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஓடவும், நிற்கவும், திரும்பி வரவும் பழக்கும் முறையாகும். பிரித்தானியாவில் இது லர்ச்சர் எனப்படும் கலப்பின நாய்களோடு தொடர்புடையது. தமிழ்நாட்டில் சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்களோடு இம்முறை நெடுங்காலம் வழங்கி வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் காட்டு முயலை வேட்டையாடுவது குற்றமாகும். எனவே இன்று இப்பயிற்சியின் பயன், நாயை இரையின் மீது ஏவுவதில் அல்லாமல், இரையைக் கண்ட பின்னும் அதைத் திருப்பி அழைப்பதில் உள்ளது.

பார்வை வேட்டை நாய்கள்

வேட்டை நாய்களில் இரு பெரும் வகைகள் உண்டு. ஒன்று மோப்பத்தால் தடம் பற்றிச் செல்வது. மற்றது கண்ணால் கண்டு விரட்டுவது. இரண்டாம் வகை நாய்களுக்கு நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, குறுகிய நீள்முகம் ஆகியவை பொதுவானவை. பாய்ந்து ஓடும்போது இவற்றின் நான்கு கால்களும் ஒரு சுற்றுக்கு இருமுறை தரையை விட்டு எழும்பும். முதுகெலும்பு வில்போல் வளைந்து நிமிர்வதால் ஒவ்வொரு பாய்ச்சலும் நீளமாக அமைகிறது. இவ்வகையின் வேகமான இனமான கிரேஹவுண்ட், குறுகிய தொலைவில் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது.

லர்ச்சர் என்பது ஒரு தனி இனம் அன்று. கிரேஹவுண்ட் போன்ற ஓட்ட நாயை, மேய்ச்சல் நாயுடனோ டெரியர் வகையுடனோ சேர்த்துப் பெறும் கலப்பு அது. ஓட்ட நாயின் வேகமும், மேய்ச்சல் நாயின் சொல் கேட்கும் குணமும் ஒன்றில் சேர வேண்டும் என்பதே இக்கலப்பின் நோக்கம்.

தமிழ்நாட்டில் இத்தகைய கலப்பு தனி மரபாக உருவாகவில்லை. இங்கு உள்ள சிப்பிப்பாறையும் கன்னியும் தென்மாவட்டங்களின் கரிசல் நிலத்தைச் சேர்ந்த ஓட்ட நாய்கள். கருமை உடலும் பழுப்பு அடையாளங்களும் உடையதைக் கன்னி என்றும், பிற நிறங்களில் வருவதைச் சிப்பிப்பாறை என்றும் பலர் பிரித்துச் சொல்வர். இராசபாளையம், கோம்பை ஆகியவையும் வேட்டைக்குப் பயன்பட்டவையே. எனினும் அவை கனத்த உடலமைப்பு கொண்டவை. காவலுக்கும் காட்டுப்பன்றி போன்ற பெரிய விலங்குகளை எதிர்ப்பதற்கும் பெயர் பெற்றவை.

தமிழ் மரபில்

நாய்களுடன் காட்டில் திரியும் வேட்டுவர் புறநானூற்றிலேயே இடம்பெறுகின்றனர். முயல் எளிய இரை என்ற கருத்தைத் திருக்குறளில் காணலாம். முயலை வீழ்த்திய அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலை உயர்வாகப் பேசுகிறது படைச்செருக்கு அதிகாரம். "முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்" என்ற பழமொழி இன்றும் பேச்சில் உள்ளது.

முயலும் வேட்டை நாயும் ஊர்த் தோற்றக் கதைகளிலும் வருகின்றன. சாலிகுளம் காட்டில் ஒரு முயல் தன்னைத் துரத்திய ஏழு நாய்களை எதிர்த்து விரட்டியதாகவும், மண்ணின் வீரத்தைக் காட்டும் அந்த இடத்திலேயே பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எழுப்பப்பட்டதாகவும் கதை வழங்குகிறது. விசயநகரம் அமைந்ததற்கும் இதே போன்ற கதை உண்டு.

திருவிழாவோடு சேர்ந்த வேட்டையும் வழக்கில் இருந்தது. தென்மாவட்ட ஊர்கள் சிலவற்றில் சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை என்ற பெயரில் ஆண்கள் நாய்களுடன் கூட்டமாகக் காட்டுக்குச் செல்வர். கோயில் சடங்காக நடக்கும் பரிவேட்டை இதிலிருந்து வேறுபட்டது. கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலில் விசயதசமி அன்று அம்மன் மகாதானபுரத்துக்கு எழுந்தருளி நடத்தும் பரிவேட்டையில், அம்பு எய்தல் அடையாளமாகவே நிகழ்கிறது.

இரை: காட்டு முயல்

இந்தியக் காடுகளிலும் புதர்களிலும் உள்ள முயல், கூண்டில் வளர்க்கப்படும் வெள்ளை முயலின் இனம் அன்று. வளர்ப்பு முயல் ஐரோப்பியக் குழிமுயலிலிருந்து வந்தது. அது வளை தோண்டிக் கூட்டமாக வாழும். அதன் குட்டிகள் மயிரின்றி, கண் திறவாமல் பிறக்கும். இந்தியக் காட்டு முயலான லெபஸ் நிக்ரிகோலிஸ் வளை தோண்டுவதில்லை. புல்லில் உடலை அழுத்தி உண்டாக்கிய சிறு பள்ளத்தில் தனித்துப் படுத்திருக்கும். அதன் குட்டிகள் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். தென்னிந்திய வகைக்குப் பிடரியில் கருந்திட்டு இருப்பதால் கருங்கழுத்து முயல் என்றும் பெயர்.

வளை இல்லாத விலங்குக்கு ஓட்டமே காப்பு. தலையின் இருபுறமும் அமைந்த கண்களால் பின்னால் வரும் நாயையும் அது காணும். நாய் நெருங்கும் கணத்தில் சட்டென்று திசை மாறும். நேராக ஓடும்போது வேகம் மிக்க நாய், திருப்பத்தில் பின்தங்கிவிடும். வேட்டைக்காரர்கள் குட்டியிடம் வேகத்தைவிட வளைந்து திரும்பும் திறனை விரும்பியதற்கு இதுவே காரணம்.

பயிற்சியின் படிகள்

குட்டித் தேர்வு: ஆளைக் கண்டு ஒடுங்காத, அசையும் பொருளை விடாமல் கண்ணால் தொடரும் குட்டி பயிற்சிக்கு ஏற்றது. காது கேட்கிறதா என்று பார்ப்பதும் தேவை. வெண்ணிற இராசபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுகிறது. அத்தகைய குட்டியைக் குரலால் பழக்க முடியாது. கை அசைவால் பழக்க வேண்டும்.

பெயரும் அழைப்பும்: முதல் சில மாதங்களில் குட்டி கற்க வேண்டியது இரண்டே சொற்கள். ஒன்று அதன் பெயர்; மற்றது "வா". ஒவ்வொரு முறை வரும்போதும் சிறிது தீனியோ தடவலோ கிடைக்க வேண்டும். தாமதமாக வந்த குட்டியை அடிப்பது பெரும் பிழை. அது தாமதத்துக்குக் கிடைத்த தண்டனை என்று குட்டி உணராது. வந்ததற்குக் கிடைத்த தண்டனை என்றே உணரும். அடுத்த முறை கைக்கெட்டும் தொலைவுக்கு முன்பே நின்றுவிடும்.

நிற்றலும் விடுதலும்: அடுத்த படி "இரு", "விடு" என்ற கட்டளைகள். தீனித் தட்டை முன்வைத்து, சொல்லும் வரை காத்திருக்கச் செய்வது எளிய தொடக்கம். வாயில் பிடித்த துணிப்பந்தைச் சண்டையின்றி கையில் தரப் பழகுவது பிறகு வரும். பிடித்த முயலைக் கடித்துக் குதறாமல் கொண்டுவந்து தரும் நாய் முற்காலத்தில் உயர்வாக மதிக்கப்பட்டது. அதன் அடிப்படை இந்த விளையாட்டுதான்.

ஆடு, கோழிப் பழக்கம்: கயிற்றில் பிடித்தபடி ஆட்டுமந்தை, கோழி, கன்றுக்குட்டி ஆகியவற்றின் அருகே குட்டியைத் தொடர்ந்து நடத்த வேண்டும். ஓடுவது எதுவாயினும் துரத்தலாம் என்ற எண்ணம் குட்டிக்கு வந்துவிட்டால், முதல் இழப்பு அண்டை வீட்டாருடையதாக இருக்கும்.

ஓட்டம்: எலும்பு முற்றுவதற்கு முன் கடும் ஓட்டம் கூடாது. கால் எலும்புகளின் வளர்முனைகள் மூடுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அதுவரை தானாக ஓடி விளையாடுவதும் மெதுவான நடையும் போதும். மரபுவழி வேட்டையில் இளநாயை முதிர்ந்த நாயுடன் சேர்த்து விடுவது வழக்கம். புதரை மறிப்பதையும் திருப்பத்தில் குறுக்கே பாய்வதையும் அது பார்த்தே கற்றது. ஏவுவதற்கு "சூ" என்ற ஒலி பயன்பட்டது. நாயை ஒருவர் மீது ஏவுவதைச் "சூ காட்டுதல்" என்று சொல்லும் வழக்கு இதனோடு தொடர்புடையது.

உடல்நலம்: ஓட்ட நாய்களுக்கு உடற்கொழுப்பு குறைவு. ஓட்டத்தின்போது உடல் வெப்பம் விரைவில் ஏறும். நாயின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியசு. 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. எனவே வெயில் ஏறுமுன் பயிற்சியை முடித்துவிட வேண்டும். வெறிநோய், டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் இன்றியமையாதவை.

அழைப்பு ஏன் கடினம்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நாய் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. வளர்ப்பவர் முயலைக் கண்டு, வியந்து, கூப்பிடுவதற்கு மூன்று நொடி ஆனாலும் நாய் 50 மீட்டருக்கு அப்பால் போய்விடும். அப்போது அதன் கவனம் முழுவதும் கண்ணில் இருக்கும். குரல் அரிதாகவே எட்டும்.

ஆகையால், ஓடிக்கொண்டிருக்கும் நாயைத் திருப்புவதைவிடக் கிளம்பப்போகும் நாயை நிறுத்துவது எளிது. காது நிமிர்தல், தலை உயர்தல், உடல் விறைத்தல் ஆகிய அடையாளங்கள் தோன்றியவுடன் அழைக்க வேண்டும். குரல் கோபத்திலும் பதற்றத்திலும் மாறும், சீழ்க்கை மாறாது. எனவே ஒரே மாதிரியான சீழ்க்கையை அழைப்பாகப் பழக்குவது பயனுள்ளது. முதலில் வீட்டு முற்றம், பிறகு நீண்ட கயிற்றுடன் வெளி நிலம், பிறகு கவனம் சிதறும் இடங்கள் என்று படிப்படியாக முன்னேற வேண்டும். அழைப்பு உறுதிப்படாத நாயைத் திறந்த இடத்தில் அவிழ்த்துவிடக் கூடாது.

சட்ட நிலை

வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு பட்டியலிடப்பட்ட விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. காட்டு முயல் அப்பட்டியலில் உள்ளது. வேட்டை என்பதற்கு 2ஆம் பிரிவு தரும் வரையறையில் கொல்லுதல் மட்டுமின்றிப் பிடித்தல், துரத்துதல், கண்ணி வைத்தல் ஆகியவையும் அவற்றுக்கான முயற்சியும் அடங்கும். எனவே முயல் தப்பிவிட்டாலும், நாயை அதன் மீது ஏவியது குற்றமே. காப்புக்காட்டுக்கு வெளியே, சொந்தத் தோட்டத்தில் ஏவினாலும் நிலை இதுதான். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம்.

காட்டு முயலுக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய வளர்ப்பு முயலை விட்டு நாயைப் பழக்குவதும் சட்டப்படி தவறு. கேளிக்கைக்காக ஒரு விலங்கை மற்றொன்றுக்கு இரையாகும்படி அடைத்து வைப்பதையும், ஒன்றின் மீது மற்றொன்றை ஏவுவதையும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில் குற்றமாகக் குறிப்பிடுகிறது.

பிற நாடுகளில் நிலை வேறு. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் நாய் கொண்டு காட்டு முயலை வேட்டையாடுவதைத் தடை செய்தது. ஆனால் பயிரை அழிக்கும் குழிமுயலை நில உரிமையாளரின் இசைவோடு வேட்டையாட விலக்கு அளித்தது. லர்ச்சர் பயிற்சி நூல்கள் பேசுவது இந்தக் குழிமுயலைப் பற்றியே. இந்தியாவில் காட்டுக் குழிமுயல் இல்லை. அந்நூல்களின் அறிவுரையை இங்கே அப்படியே பின்பற்றினால், பாதுகாக்கப்பட்ட வேறொரு விலங்கின் மீதே நாய் பாயும்.

வட்டக்கானலும் பழனி மலையும்

திண்டுக்கல் மாவட்டத்தில் கொடைக்கானலை ஒட்டிய மலைச் சிற்றூரான வட்டக்கானல், சோலைக்காடுகளும் செங்குத்துச் சரிவுகளும் சூழ்ந்தது. பழனி மலையின் காடுகளில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு 2013ஆம் ஆண்டு கொடைக்கானல் வனவுயிர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஊருக்கும் காட்டுக்கும் இடையே வேலியோ மதிலோ இல்லாத இடங்கள் பல. இப்பகுதியில் ஓட்ட நாய் வளர்ப்போருக்கு அழைப்புப் பயிற்சி கட்டாயத் தேவையாகிறது.

நாய்க்கு இங்கே உள்ள ஆபத்துகள் சமவெளியில் இல்லாதவை. மூடுபனியில் இரையை மட்டும் பார்த்து ஓடும் நாய் சரிவின் விளிம்பைக் காணாது. காட்டெருமையின் முன் குரைத்து நிற்கும் நாய் குத்துப்படலாம். அஞ்சி வளர்ப்பவரிடம் ஓடி வந்தால் காட்டெருமையும் பின்தொடரலாம். சிறுத்தைக்கு நாய் வழக்கமான இரை. கரிசல் வெயிலுக்கு ஏற்ற மெல்லிய மயிர்ப்போர்வை மலைக்குளிரைத் தாங்காது. இரவில் உலர்ந்த, காற்றுப்புகாத படுக்கை வேண்டும்.

நாயால் காட்டுக்கும் ஆபத்து உண்டு. காட்டு முயல் சிறுத்தைக்கும் காட்டுப்பூனைக்கும் பெரிய பறவைகளுக்கும் உணவு. நாய்கள் சுமக்கும் டிஸ்டெம்பர் நச்சுயிரி செந்நாய் உள்ளிட்ட ஊனுண்ணிகளுக்குத் தொற்றக்கூடியது. 2018ஆம் ஆண்டு குசராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் இறந்தபோது இந்நச்சுயிரி கண்டறியப்பட்டது. தடுப்பூசி போடாத ஒரு நாய் காட்டுக்குள் ஓடுவது, அது எதையும் பிடிக்காவிட்டாலும், தீங்காகலாம்.

உயிரற்ற இரை

வேட்டையை நீக்கினாலும் ஓடும் உந்துதல் நாயிடம் அப்படியே இருக்கும். அதற்கு வடிகாலாகப் பல நாடுகளில் போலி இரை ஓட்டம் நடத்தப்படுகிறது. நீண்ட கயிற்றின் முனையில் நெகிழிப் பையையோ துணியையோ கட்டி, தரையில் பொருத்திய உருளைகளின் வழியே இயந்திரத்தால் இழுப்பர். கயிறு வளைந்து வளைந்து செல்வதால், முயலின் திருப்பத்தைப் போலவே நாய்க்குத் தோன்றும்.

சிறிய அளவில் இதை ஒரு கழியும் கயிறும் பழந்துணியும் கொண்டு வேலியிட்ட நிலத்தில் செய்யலாம். "இரு" என்று நிறுத்தி, துணியை அசைத்து, "பிடி" என்று விட்டு, பிடித்த பின் "விடு" என்று வாங்கினால், பழைய பயிற்சியின் எல்லாப் படிகளும் இதில் அடங்கிவிடும். ஓட்டத்தின் நடுவில் துணியை அசைக்காமல் நிறுத்திச் சீழ்க்கை ஊதினால் அழைப்பும் பழகும். ஒரு முறைக்குச் சில ஓட்டங்கள் போதும்.

இனங்களின் எதிர்காலம்

இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் இராசபாளையம் இடம்பெற்றது. சு. தியடோர் பாஸ்கரன் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆங்கில நூலில் இந்திய நாய் இனங்களின் வரலாற்றைத் தொகுத்தார். கருநாடகத்தின் ஓட்ட நாயான முதோல் 2016ஆம் ஆண்டு இராணுவப் பயிற்சிக்காக மீரட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2020 ஆகத்து மாதம் பிரதமரின் வானொலி உரையில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, இராசபாளையம் ஆகியவை பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டன. இவற்றால் இவ்வினங்களை வாங்கி வளர்க்கும் ஆர்வம் நகரங்களிலும் பரவியது.

தோற்றத்தை மட்டும் பார்த்து வாங்கப்படும் ஓட்ட நாய், அடுக்குமாடி வீட்டில் அடைபட்டுக் கிடந்தால் கதவு திறந்ததும் தெருவில் பாயும். பலர் சில மாதங்களில் அதைக் கைவிடுகின்றனர். வேட்டைத் தொழில் மறைந்த பின் இவ்வினங்கள் நிலைப்பது, அவற்றின் ஓட்டத்துக்கு இடம் தந்து, சொல் கேட்கவும் பழக்கும் வளர்ப்பாளர்களைப் பொறுத்தே அமையும்.