ஹார்வி மில்க்

ஹார்வி மில்க் (மே 22, 1930 – நவம்பர் 27, 1978) ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த அரசியல்வாதி ஆவார். பள்ளி ஆசிரியராகவும் பின்னர் சிறு கடை உரிமையாளராகவும் இருந்த இவர், 1977 இல் சான் பிரான்சிஸ்கோ நகரின் மேற்பார்வையாளர் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாம் ஒரு தற்பாலீர்ப்பாளர் என்பதை வெளிப்படையாக அறிவித்துக் கலிபோர்னியாவில் தேர்தலில் வென்ற முதல் ஆண் இவரே.

ஆசிரியப் பணி

நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவிலுள்ள உட்மியரில், யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஆல்பனியிலிருந்த மாநில ஆசிரியர் கல்லூரியில் கணிதம் பயின்று 1951 இல் பட்டம் பெற்றார். கொரியப் போர்க் காலத்தில் கடற்படையில் சேர்ந்து 1955 வரை பணியாற்றினார். அதன் பின்னர் லாங் தீவிலுள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தார். அக்காலத்தில் தமது பாலீர்ப்பை அவர் வெளியே சொல்லவில்லை. பின்னர் ஆசிரியப் பணியை விட்டுக் காப்புறுதி, பங்கு வணிகம் ஆகிய துறைகளில் வேலை பார்த்தார்.

சிறு வணிகம்

1972 இல் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிய மில்க், 1973 இல் காஸ்ட்ரோ தெருவில் ஒளிப்படக் கருவிக் கடை ஒன்றைத் திறந்தார். அரசியலில் இறங்க அவரைத் தூண்டிய நிகழ்வுகளுள் இரண்டு இக்கடையிலேயே நடந்தன. விற்பனை வரிக்காக 100 டாலர் முன்வைப்புக் கேட்டு அரசு அலுவலர் ஒருவர் வந்தார். மில்க் பல வாரங்கள் வாதாடி அதை 30 டாலராகக் குறைக்கச் செய்தார். பள்ளியிலிருந்த படவீழ்த்தி பழுதடைந்ததால், ஆசிரியர் ஒருவர் கடைக்கு வந்து ஒன்றை இரவல் கேட்டார்.

அப்பகுதியின் பழைய வணிகர் சங்கம், தற்பாலீர்ப்பாளர் இருவர் கடை திறக்க உரிமம் பெறுவதைத் தடுக்க முயன்றது. இதையடுத்து மில்க்கும் பிறரும் காஸ்ட்ரோ வட்டாரத்துக்குத் தனி வணிகர் சங்கம் ஒன்றை அமைத்தனர். அச்சங்கம் 1974 இல் நடத்திய தெரு விழாவுக்கு 5,000 பேருக்கு மேல் வந்தனர்.

தேர்தல்கள்

1973 தேர்தலில் 32 வேட்பாளர்களுள் பத்தாவது இடத்தையும், 1975 இல் ஏழாவது இடத்தையும் பெற்றார். 1976 இல் மாநிலச் சட்டமன்றத் தேர்தலிலும் தோல்வியுற்றார். அக்காலத்தில் அவை உறுப்பினர்களை முழு நகரமும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. இம்முறையில் ஒரு வட்டாரத்தில் மட்டும் செல்வாக்குள்ள கடைக்காரர் வெல்வது கடினம். 1976 இல் வாக்காளர்கள் தொகுதி முறையை ஏற்றனர். மறு ஆண்டில் மில்க் ஐந்தாம் தொகுதியில் வென்றார்.

ஆறாம் முன்மொழிவு

தற்பாலீர்ப்பாளர்கள் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக இருப்பதைத் தடை செய்யும் முன்மொழிவு ஒன்று 1978 இல் மாநில மக்களின் வாக்கெடுப்புக்கு வந்தது. அது நிறைவேறியிருப்பின், மில்க்கைப் போன்ற ஆசிரியர்கள் வேலையை இழந்திருப்பர். அதை எதிர்த்து அவர் மாநிலம் முழுவதும் பரப்புரை செய்தார். நவம்பர் 7 அன்று வாக்காளர்கள் அதனை நிராகரித்தனர்.

மறைவு

இருபது நாள் கழித்து, அவையின் முன்னாள் உறுப்பினரான டான் வைட் நகர மண்டபத்தில் மில்க்கையும் நகர முதல்வர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் சுட்டுக் கொன்றார். மில்க் பதவியில் இருந்தது பதினொரு மாதங்களுக்கும் குறைவான காலமே. 2009 இல் அவருக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் வழங்கப்பட்டது.