மலைவெளிக்கு ஏற்ற பனிச்சறுக்குப் பலகை

நார்வே தேசத்தின் தென்பகுதியில், கடல் மட்டத்துக்கு மேல் சராசரி 1,100 மீட்டர் உயரத்தில், பெரும்பாலும் மரமே இல்லாமல் பரந்து கிடக்கும் ஹார்டங்கர்விடா பீடபூமியிலே, ஈஸ்டர் விடுமுறை வந்துவிட்டால், குழந்தைகளும் முதியவர்களுமாகக் குடும்பத்தார் முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு, 1868-இல் ஸ்தாபிக்கப்பட்ட மலைப்பிரயாணச் சங்கத்தின் விடுதிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பனிச்சறுக்குப் பலகைகளின்மீது சாவதானமாகச் செல்வார்கள். பந்தயத்தில் முந்துவதோ செங்குத்தான சரிவில் பாய்வதோ இவர்களுடைய நோக்கமன்று. ஆகையால் அவற்றுக்கென்று செய்த பலகைகள் இவர்களுக்கு உதவா. குதிகால் தடையின்றி மேலெழும்படி காலணியின் நுனியை மட்டும் பிணைத்து, ஏறவும் இறங்கவும் சமவெளியில் வழுக்கிச் செல்லவும் ஓரளவு பயன்படுகிற மலைப்பலகையே இவர்களுக்கு உரியது.

அப்பலகையின் சூட்சுமம் அதன் நடுப்பகுதியில் இருக்கிறது. தரையில் வைத்தால் முனைகள் இரண்டும் படிந்து, நடுப்பகுதி வில்போல் சற்றே உயர்ந்து நிற்கும். உடலின் பாரம் இரு பலகைகளிலும் பகிர்ந்திருக்கும்போது அந்த நடுப்பகுதி பனியை அழுத்தாததால் பலகை வழுக்குகிறது. ஒரே காலில் முழுப் பாரத்தையும் ஊன்றி உந்தும்போது அது பனியில் அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. வளைவு மிக விறைப்பாயிருந்தால் ஏற்றத்தில் கால் பின்னோக்கி நழுவும். மிக இளக்கமாயிருந்தாலோ ஓயாமல் உராய்ந்து வேகத்தைத் தடுக்கும். ஆதலால், உயரத்தை மட்டும் பார்த்து நீளத்தைத் தீர்மானிக்காமல், மூட்டையையும் சேர்த்த எடைக்கு ஏற்ற பலகையைக் கேட்டு வாங்குவதே உசிதம். சமதரையில் இரு பலகைகளின்மீதும் நிற்கையில் காலடியில், பலகைக்குக் கீழே ஒரு காகிதம் தாராளமாக நகர வேண்டும். ஒற்றைக் காலில் நின்றால் அது சிக்கிக்கொள்ள வேண்டும். கடையிலேயே செய்து பார்க்கத்தக்க எளிய பரீட்சை இது.

பனியைப் பற்றுவதற்கு மெழுகு பூசுவது புராதன வழக்கம். குளிர்ந்த புதுப்பனிக்குக் கடின மெழுகும், ஈரப்பனிக்கு மிருதுவான மெழுகும், உருகி மீண்டும் உறைந்த பழம்பனிக்குப் பிசுபிசுப்பான பசையும் வேண்டியிருப்பதால், இதில் தேர்ச்சி பெற அனுபவம் அவசியம். அடிப்புறத்தில் மீன்செதில் போன்ற வரிகள் செதுக்கிய பலகைக்கு இந்தத் தொல்லை இல்லை. சற்றே மெதுவாக வழுக்கும் என்பதே அதன் குறை. நீண்ட ஏற்றங்களில், ஒரே திசையில் படிந்த ரோமங்களையுடைய பட்டையை அடியில் ஒட்டிக்கொள்வார்கள்.

அகலம் கூடினால் ஆழமான பனியில் புதையாது. ஆனால் இயந்திரம் பதித்த தடங்களில், ஏறக்குறைய 70 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பலகை நுழைவது கடினம். பந்தயப் பலகை சுமார் 44 மில்லிமீட்டரே இருக்க, மலைப்பலகையின் இடை 60 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் ஆழ்ந்த பனிக்கும் தடத்துக்கும் பொதுவாக உதவும். முனைகள் அகன்று இடை குறுகிய வடிவம் திரும்புவதற்கு அனுகூலமானது. அதைப் பிரசித்தமாக்கியவர் டெலிமார்க் மாவட்டத்தைச் சேர்ந்த ஸோண்ட்ரே நூர்ஹைம் என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வீரர். காற்றடித்து இறுகிய பனியில் வழுவாதிருக்க, எஃகு விளிம்பும் இன்றியமையாதது.

கடைசியாகக் கூறினும், வாங்குகையில் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது காலணி. 1927-இல் ப்ரூர் வித் அமைத்த ரொட்டெஃபெல்லா பிணைப்பின் வழிவந்த 75 மில்லிமீட்டர் மூன்று முள் பிணைப்பும், காலணி நுனியிலுள்ள உலோகத் தண்டைக் கவ்வும் நவீனப் பிணைப்பும் வெவ்வேறானவை. ஒன்றுக்குரிய காலணி மற்றொன்றில் பொருந்தாது. காலைக் கடிக்கும் காலணியோடு எந்த உயர்ந்த பலகையும் பயன்படாது. ஆகவே புதிதாகத் தொடங்குவோர் காலுக்கு இதமான காலணியை முதலில் தேர்ந்து, அதற்கியைந்த பிணைப்பும், செதில் அடியும், எஃகு விளிம்பும், எடைக்கேற்ற வளைவும் உடைய நடுத்தர அகலப் பலகையை வாங்கினால் போதும். அதற்கு மேற்பட்ட நுட்பங்களைப் பழக்கம் கற்பித்துவிடும்.