ஆனர்ஸ் படிப்பு: நான்காம் ஆண்டின் பயன் என்ன?

ஐதராபாத் நகரின் பேகம்பேட் பகுதியில் 1959-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது புனித பிரான்சிஸ் மகளிர் கல்லூரி. உஸ்மானியாப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த இக்கல்லூரி 1988-இல் தன்னாட்சி பெற்றது. பாடத்திட்டத்தை வகுப்பதும் தேர்வு நடத்துவதும் கல்லூரியின் பொறுப்பு. பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். இத்தகைய கல்லூரிகளில் பயிலும் மாணவியர் முன் இன்று ஒரு கேள்வி எழுகிறது: மூன்றாண்டுப் பட்டத்தோடு நிற்பதா, நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்தை நாடுவதா?

ஆனர்ஸ் நமக்குப் புதியதன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் பயின்ற எஸ். சந்திரசேகர், 1930-இல் பட்டம் பெறுமுன்பே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் சுவார்த்மோர் கல்லூரி 1922-இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. ஆர்வமுள்ள மாணவர் ஒரு துறையை ஆழ்ந்து கற்க வழி செய்வதே இவற்றின் பொதுவான நோக்கம்.

புதிய ஏற்பாடு

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் ஒரு பாடத்திட்டக் கட்டமைப்பை வெளியிட்டது. அதன்படி மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 மதிப்புப் புள்ளிகளும் ஆனர்ஸ் பட்டத்திற்கு 160 புள்ளிகளும் தேவை. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றோர், நான்காம் ஆண்டில் 12 புள்ளிகளுக்குரிய ஆய்வேட்டை எழுதி, ‘ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்’ பட்டம் பெறலாம். மற்றவர்கள் ஆய்வேட்டிற்குப் பதிலாக உயர்நிலைப் பாடங்களைப் பயின்று ஆனர்ஸ் பெறலாம்.

பயன்கள்

நான்காண்டுப் பட்டம் பெற்றவர் முதுகலைப் படிப்பை ஓராண்டில் முடிக்க இக்கொள்கை இடமளிக்கிறது. எனவே முதுகலை வரை செல்வோருக்கு மொத்தக் காலம் கூடுவதில்லை. நான்காண்டுப் படிப்பில் 75 விழுக்காடு பெற்றவர், 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதுகலையின்றியே முனைவர் பட்டச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்ட பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. இவற்றினும் மேலானது, ஒரு வினாவை எழுப்பி, சான்று தேடி, தானே முடிவு காணும் பயிற்சியாகும்.

சிந்திக்க வேண்டியவை

எனினும் ஓராண்டு என்பது சிறு செலவன்று. மூத்த பிள்ளையின் ஊதியத்தை எதிர்நோக்கியிருக்கும் குடும்பத்தில், குறிப்பாகப் பெண்ணின் படிப்பில், அந்த ஓராண்டே பெருந்தடையாகலாம். பட்டம் முடிந்ததும் பணிக்குச் செல்ல வேண்டியவருக்கு மூன்றாண்டுப் பட்டம் தாழ்ந்ததன்று. பட்டதாரி எனும் தகுதியை மட்டுமே கோரும் அரசுத் தேர்வுகளுக்கு அதுவே போதும்.

ஆகவே மாணவர் சேருமுன் மூன்றைக் கேட்டறிதல் நலம்: தம் பல்கலைக்கழகம் நான்காம் ஆண்டை நடத்துகிறதா? துறையில் ஆய்வு நெறியாளர் உள்ளனரா? உதவித்தொகை நான்காம் ஆண்டிற்கும் நீளுமா?

மூன்றாவது கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர்கள் அதிகாரிகள். கட்டணச் சலுகையும் விடுதி வசதியும் மூன்றாம் ஆண்டோடு நின்றுவிட்டால், ஆனர்ஸ் வசதியுள்ளோரின் பட்டமாகவே சுருங்கிவிடும். தகுதியுள்ள மாணவி வறுமை காரணமாக வாயிலில் நின்றுவிடாமல் காப்பதே இத்திட்டத்தின் வெற்றிக்கு உரைகல்லாகும்.