வீடியோ விளையாட்டு மதிப்புரையும் பாட வேறுபாடும்

ஒரு நூலுக்கு மதிப்புரை எழுதப் புகுவோர் முதற்கண் தெளிவுறுத்த வேண்டுவது, தாம் கற்றது எந்தப் பதிப்பு என்பதாகும். ஒரே செய்யுள் ஓர் ஏட்டில் ஒரு பாடமும் மற்றோர் ஏட்டில் வேறொரு பாடமும் கொண்டு நிற்றலைச் சுவடி ஆராய்ச்சியில் பழகியோர் நன்கு அறிவர். அவ்வேறுபாட்டைக் கருதாமல் உரை காணின் முடிபு உறுதி பெறாது. இவ்வுண்மை பழைய நூல்களுக்கு மட்டும் உரியதன்று. இக்காலத்தில் உலகெங்கும் பல கோடி மக்கள் ஆடிவரும் வீடியோ விளையாட்டுகளுக்கு எழுதப்படும் மதிப்புரைகளிலும் இதே சிக்கல் தோன்றியுள்ளது. ஒரு விளையாட்டு ஒரே நாளில் பல பொறிகளுக்கென வெளிவருகின்றது. பெயர் ஒன்றே, ஆயினும் ஆடுவோர் பெறும் பொருள் எல்லாப் பொறியிலும் ஒன்றாக இருப்பதில்லை. எந்தப் பாடத்தை ஆடிப் பார்த்தோம் என்று கூறாத மதிப்புரை, வாங்குவோரையும் வழிதவறச் செய்யும், ஆக்கியோரையும் வருத்தும். இதனைச் சான்றுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. விளையாட்டும் அதன் களமும்

வீடியோ விளையாட்டு என்பது நிரலாக எழுதப்பட்ட ஒரு படைப்பு. அது தானே இயங்குவதன்று. ஒரு பொறி அதனை இயக்குதல் வேண்டும். அப்பொறிகளை மூவகையாகப் பகுக்கலாம். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடப்படுவது கன்சோல். கையில் ஏந்தி எவ்விடத்தும் ஆடப்படுவது கையடக்கக் கருவி. வேறு பல பணிகளுக்கும் பயன்பட்டு, விளையாட்டுக்கும் இடந்தருவது கணினி.

இம்மூன்றும் தன்மையால் வேறுபட்டவை. ஒரு வகைக் கன்சோல் விற்பனைக்கு வந்தபின் அதன் அமைப்புப் பல்லாண்டு பெரிதும் மாறாதிருக்கும். ஆதலின் ஒருவர் வீட்டில் இயங்கியவாறே மற்றொருவர் வீட்டிலும் ஒரு விளையாட்டு இயங்கும் என்று எதிர்பார்க்கலாம். கணினி அத்தகையதன்று, ஒருவர் கணினியின் திறனினும் மற்றொருவர் கணினியின் திறன் பன்மடங்கு மிகுதல் கூடும். கையடக்கக் கருவிக்கோ மின்கலம், வெப்பம், திரையளவு என்னும் மூன்றும் எல்லையாய் அமைகின்றன. 1989ஆம் ஆண்டில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட கேம் பாய் கருவியின் திரை அகலத்தில் 160 புள்ளிகளும் உயரத்தில் 144 புள்ளிகளுமே உடையது. அதில் காணப்பட்ட நிறமும் ஒரு நிறத்தின் நான்கு சாயல்களே. இத்தகைய களத்தில் ஆடப்படும் விளையாட்டு, பெரிய திரையில் ஆடப்படுவதனோடு எல்லாவகையானும் ஒத்திருத்தல் இயலாது என்பது வெளிப்படை.

2. பாடம் வேறுபடும் வகை

விளையாட்டுகளிற் காணப்படும் பாட வேறுபாட்டை மூன்றாக வகுத்துக் காண்பது தெளிவு தரும்.

முதலாவது, களத்தின் ஆற்றலால் நேர்வது. ஜப்பானிய நிறுவனமாகிய நாம்கோ 1980இல் காசிட்டு ஆடும் பொறிக்கென வெளியிட்ட பாக்மேன் விளையாட்டில் நான்கு பேய்கள் நான்கு நிறத்தோடு தனித்தனியே தெளிவாகத் தோன்றும். அதனை 1982இல் அட்டாரி 2600 என்னும் வீட்டுக் கன்சோலுக்கு மாற்றினர். அக்கன்சோல் 1977இல் வெளிவந்தது. அதன் நினைவகம் 128 பைட்டுகளே. அசையும் உருவங்கள் பலவற்றை ஒருங்கே காட்டும் ஆற்றல் அதற்கு இன்மையால், பேய்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றிக் காட்ட நேர்ந்தது. ஆகவே அவை மின்மினிபோல் மின்னி மறைந்தன. மூலத்தை ஆடி மகிழ்ந்து, அந்நினைவோடு வாங்கியோர் வீட்டில் கண்டது வேறொரு பாடமாகும்.

எனினும், குறைப்பெல்லாம் குற்றமாகா. போலந்து நாட்டுச் சிடி புரொஜெக்ட் நிறுவனத்தாரின் விட்சர் 3 என்னும் விளையாட்டு, 2015இல் கணினிக்கும் அக்காலத்துக் கன்சோல்களுக்கும் வெளிவந்தது. 2019இல் அது நின்டெண்டோ ஸ்விட்ச் என்னும் கையடக்கக் கருவிக்கு ஏற்ப மாற்றப்பட்டது. காட்சியின் நுணுக்கம் பெரிதும் குறைந்தது. ஆனால் கதையும், ஊர்களும், பின்னர்ச் சேர்க்கப்பட்ட இரு விரிவாக்கப் பகுதிகளும் குறைவின்றி அமைந்தன. சுருங்கிய களத்துக்கு ஏற்பச் சுருக்கியும் உயிர்நிலை கெடாமற் காத்தமையால் அப்பாடம் பாராட்டப்பெற்றது. எனவே, குறைந்ததா என்று வினவுவதோடு அமையாது, எது குறைந்தது, எது நின்றது என்று வினவுதலே மதிப்புரையாளர் கடன்.

இரண்டாவது, பெயர் ஒன்றாகவும் படைப்பு இரண்டாகவும் இருப்பது. 1993இல் அலாவுதீன் திரைப்படத்தைத் தழுவி ஒரே பெயரில் இரு விளையாட்டுகள் வெளிவந்தன. சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்குரியதைக் கேப்காம் நிறுவனமும், சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கன்சோலுக்குரியதை வர்ஜின் நிறுவனமும் ஆக்கின. ஒன்றில் தலைவன் வாளேந்திப் பகைவரோடு பொருகின்றான்; மற்றொன்றில் வாளின்றிப் பகைவர்மேல் தாவி மிதித்து வெல்கின்றான். அமைப்பும் இயக்கமும் வெவ்வேறு. இவ்விரண்டனுள் ஒன்றை ஆடி, ‘அலாவுதீன் நன்று’ என்று பொதுப்பட எழுதுதல் பொருந்தாது என்பது சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவது, காலத்தால் நேர்வது. முற்காலத்து விளையாட்டு ஒருமுறை பேழையில் பதிக்கப்பட்டபின் மாறுவதில்லை. இக்காலத்து விளையாட்டோ வெளிவந்த பின்னரும் இணையத்தின் வாயிலாகத் திருத்தப்படுகின்றது. முதல் நாளில் ஆடியவர் கண்ட பிழை, ஆறு திங்கள் கழித்து ஆடுவோர்க்கு இல்லாதிருக்கலாம். ஆதலால் ஒரே பொறியிலேயே முற்பாடமும் பிற்பாடமும் உளவாகின்றன.

3. சைபர்பங்க் 2077: ஒரு சான்று

இம்மூவகையுள் முதலாவதும் மூன்றாவதும் ஒருங்கே வெளிப்பட்டு, மதிப்புரையின் பொறுப்பை உலகறியச் செய்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. மேற்கூறிய சிடி புரொஜெக்ட் நிறுவனம் சைபர்பங்க் 2077 என்னும் விளையாட்டை 2020 டிசம்பர் 10ஆம் நாள் வெளியிட்டது. வெளிவருமுன்னரே 80 இலட்சம் படிகள் முன்பதிவாயின. டிசம்பர் 7ஆம் நாளே மதிப்புரைகள் வெளிவந்தன. அவற்றுட் பல மிக உயர்ந்த மதிப்பெண் வழங்கின. ஆனால் அவையெல்லாம் கணினிப் பாடத்தை ஆடி எழுதப்பட்டவை. 2013 முதல் பல கோடி வீடுகளில் இருந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய கன்சோல்களுக்குரிய பாடம் மதிப்புரையாளர்க்கு முன்னதாக வழங்கப்படவில்லை. தாம் ஆடிப் பதிவுசெய்த காட்சிகளை அம்முதல் மதிப்புரைகளோடு வெளியிடவும் அவர்களுக்கு இசைவில்லை. நிறுவனம் அளித்த காட்சிகளையே பயன்படுத்த வேண்டியிருந்தது.

வெளியீட்டு நாளில் உண்மை தெரிந்தது. பழைய கன்சோல்களில் உருவங்கள் தெளிவின்றித் தோன்றின. இயக்கம் தடைப்பட்டுத் தடைப்பட்டு நடந்தது. பலமுறை விளையாட்டு முற்றும் நின்றுபோயிற்று. ஐஜிஎன் என்னும் மதிப்புரை நிறுவனம் கணினிப் பாடத்துக்குப் பத்துக்கு 9 வழங்கியது. பழைய கன்சோல்களுக்குரிய பாடத்தைத் தனியே ஆராய்ந்து 4 வழங்கியது. ஒரே பெயர், ஒரே வெளியீட்டு நாள், ஒரே மதிப்பீட்டு நிறுவனம்; ஆயினும் மதிப்பெண் பாதிக்கும் கீழ்ப்பட்டது. பாடம் வேறாதலின் முடிபும் வேறாயிற்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

டிசம்பர் 14ஆம் நாள் அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், பழைய கன்சோல்களில் விளையாட்டு இயங்கும் நிலையை முன்னரே காட்டாமையால் வாங்குவோர் தெரிந்து முடிவு செய்யும் வாய்ப்பை இழந்தனர் என்று ஒப்புக்கொண்டு பொறுத்தருள வேண்டியது. அடுத்த சில நாட்களிலேயே சோனி நிறுவனம் அவ்விளையாட்டைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கி, வாங்கியோர்க்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூன் 21ஆம் நாள்தான் அது மீண்டும் அக்கடையில் இடம்பெற்றது.

கதை இதனோடு முடியவில்லை. தொடர்ந்து செய்யப்பட்ட திருத்தங்களால் அவ்விளையாட்டு மேம்பட்டது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 என்னும் பெருந்திருத்தம் அதன் ஆட்டமுறை பலவற்றைப் புதுக்கியது. அத்திருத்தமும் அதனையடுத்த விரிவாக்கப் பகுதியும் பழைய கன்சோல்களுக்கு வரவில்லை. 2025 ஜூனில் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வெளிவந்த நாளிலேயே அக்கையடக்கக் கருவிக்கும் இவ்விளையாட்டு வந்தது. ஆகவே 2020ஆம் ஆண்டு மதிப்புரை எதனையும் இன்றைய பாடத்துக்கு அப்படியே உரித்தாக்குதல் தவறு; இன்றைய பாராட்டைக் கொண்டு அன்றைய வாங்குவோர் குறையை இல்லையென்பதும் தவறேயாம்.

4. மதிப்பெண்ணின் வலிமை

மதிப்புரையின் முடிபை ஓர் எண்ணாகச் சுருக்கும் வழக்கம் இத்துறையில் வேரூன்றியுள்ளது. ஜப்பானிய இதழாகிய ஃபாமிட்சு நால்வரைக் கொண்டு தனித்தனியே பத்துக்கு மதிப்பிடச் செய்து, நாற்பதுக்குக் கூட்டிக் காட்டும் முறையால் புகழ்பெற்றது. 2001இல் தோன்றிய மெட்டாகிரிடிக் தளம் பல இதழ்களின் மதிப்பெண்களைத் திரட்டி, நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் தருகின்றது. அத்தளம் ஒவ்வொரு பொறிக்குரிய பாடத்துக்கும் தனி எண் தருவது போற்றத்தக்கது. எனினும் விளம்பரத்திலும் பேச்சிலும் மிக உயர்ந்த எண்ணே எஞ்சி நிற்கின்றது.

எண்ணால் விளையும் பயன் வாங்குவோரோடு நிற்பதன்று. 2010இல் ஒப்சிடியன் நிறுவனம் ஆக்கிய ஃபாலவுட் நியூ வேகஸ் விளையாட்டு மெட்டாகிரிடிக்கில் 85 பெற்றிருப்பின் ஆக்கியோர்க்கு ஊக்கத்தொகை கிடைத்திருக்கும், பெற்றதோ 84. ஒரே ஓர் எண் குறைந்தமையால் அத்தொகை கிட்டவில்லை என்பதை அந்நிறுவனத்தாருள் ஒருவரே 2012இல் வெளிப்படுத்தினார். அவ்விளையாட்டின் கதையமைப்பு பெரிதும் பாராட்டப்பட்டது; வெளியான காலத்துப் பிழைகளோ கண்டிக்கப்பட்டன. முதல் வாரப் பாடத்தின் பிழை, பலருடைய உழைப்பின் ஊதியத்தைத் தொட்டது. எனவே மதிப்புரையாளர் இடும் எண்ணுக்குப் பின்னால் மக்கள் வாழ்வு உள்ளது என்பதை மறத்தலாகாது.

5. மதிப்புரை உணர்த்த வேண்டுவன

நூலின் வரலாற்றை உணர்த்தும் சிறப்புப்பாயிரம் கூறவேண்டியவற்றைப் பவணந்தியார் நன்னூலில் வகுத்துள்ளார். ஆக்கியோன் பெயர் முதல் பயன் ஈறாக எட்டினைக் கூறி, காலம், களன், காரணம் என்னும் மூன்றனையும் சேர்த்துரைப்பாரும் உளர் என்று அவர் குறிப்பிடுவது ஈண்டு நினைத்தற்குரியது. ஆங்குக் களன் என்றது நூல் அரங்கேறிய அவையை. விளையாட்டுக்கோ அது அரங்கேறும் பொறியே களன் எனக் கொள்ளலாம். இம்முறையைத் தழுவி, விளையாட்டு மதிப்புரை நான்கினைத் தவறாது உணர்த்துதல் வேண்டும் எனலாம்: எப்பொறியில் ஆடப்பட்டது, எத்திருத்தம் வரை சேர்ந்த பாடம், எவ்வளவு பகுதி ஆடி முடிக்கப்பட்டது, படி எவ்வாறு, எந்நிபந்தனையோடு கிடைத்தது.

எல்லாப் பொறியிலும் ஆடிப் பார்த்தல் ஒருவர்க்கு இயலாது என்று சிலர் தடை கூறலாம். அது மெய்யே. ஒரு விளையாட்டை முடிக்கப் பல பத்து மணிநேரம் வேண்டும். எல்லாக் கருவிகளையும் வாங்கப் பெரும்பொருள் வேண்டும். ஆனால் எல்லாச் சுவடிகளையும் காணாத பதிப்பாசிரியர், தாம் கண்டவை இவை என்று முன்னுரையில் கூறி அமைவதுபோல, ஆடிய பாடத்தைக் கூறி ஆடாத பாடத்தைப்பற்றி முடிபு கூறாமல் விடுதல் யாவர்க்கும் இயல்வதே. முன்கூட்டிப் படி கிடைக்காத பாடம் உண்டெனின், அக்கிடையாமையே வாங்குவோர் அறியவேண்டிய செய்தியாம்.

2022இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக், கணினிக்குரிய பாடத்தையே கையடக்கக் கருவியில் இயக்குகின்றது. பெரிய திரைக்கென எழுதப்பட்ட எழுத்து ஆங்குப் படிக்க இயலாத அளவு சிறுத்துப் போதலும் உண்டு. எந்தெந்த விளையாட்டு அதில் எவ்வளவு பொருந்தும் என்பதை அந்நிறுவனமே ஆராய்ந்து தரம் குறித்து வருகின்றது. கன்சோல், கையடக்கக் கருவி, கணினி என்னும் பழைய எல்லைகள் மங்க மங்க, பாடத்தைக் குறிக்கும் கடமை மிகுமேயன்றிக் குறையாது.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை: வீடியோ விளையாட்டு ஒரு பெயரின்கீழ்ப் பல பாடங்களாய் வாழ்வது, அப்பாடங்கள் களத்தாலும், ஆக்கியோராலும், காலத்தாலும் வேறுபடுவன, பாடம் சுட்டாத முடிபும் எண்ணும் பயன்படாமையேயன்றித் தீங்கும் விளைப்பன. நன்று, தீது என்று கூறுமுன் ‘எதனை ஆடினேன்’ என்று கூறும் மதிப்புரையே நம்பத்தக்க மதிப்புரையாகும்.