98 மார்க் வாங்கிய கமலா

2022 ஜூன் 8. 'மிஸ் மார்வெல்' தொடரின் முதல் எபிசோடு டிஸ்னி பிளஸ்ஸில் வெளியான நாள். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்கள் அதற்குக் கொடுத்தது 98 சதவீதம். மார்வெல் ஸ்டுடியோஸ் அதுவரை எடுத்த எந்தத் தொடருக்கும் அவ்வளவு கிடைத்ததில்லை. ஆனால் அமெரிக்காவில் ஸ்மார்ட் டிவிகளைக் கணக்கெடுக்கும் சாம்பா டிவி நிறுவனம் முதல் ஐந்து நாள் கணக்கை வெளியிட்டபோது, தொடரைப் பார்த்த வீடுகள் 7,75,000தான். அதே ஆண்டு மார்ச்சில் வந்த 'மூன் நைட்'டுக்கு 18 லட்சம். முந்தைய ஆண்டின் 'லோகி'க்கு 25 லட்சம். மார்வெல் தொடர்களிலேயே மிகக் குறைந்த தொடக்கம். இன்னொரு பக்கம், பார்வையாளர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் பத்து நட்சத்திரக்காரர்களும் ஒற்றை நட்சத்திரக்காரர்களும் எதிரெதிர் முனையில் குவிந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரே தொடருக்கு மூன்று விதமான தீர்ப்பு. எது உண்மை என்று அப்போது நிறையப் பேர் சண்டை போட்டார்கள். என்னைக் கேட்டால் மூன்றையுமே நம்ப வேண்டியதில்லை. இந்த எண்களுக்குள் சிக்காமல் வெளியே நின்ற சில பார்வையாளர்கள் சொன்னதுதான் இந்தத் தொடரைப் பற்றிய உருப்படியான விமர்சனம்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் கமலா கான். வயது பதினாறு. சூப்பர்ஹீரோயின் கேப்டன் மார்வெல் என்றால் உயிர். டிரைவிங் டெஸ்டில் கோட்டைவிடுகிறவள். நோட்டுப் புத்தகம் முழுக்கப் படம் வரைகிறவள். பாட்டி அனுப்பிய பழைய வளையல் ஒன்றை மாட்டியதும் அவளுக்குச் சக்தி வந்துவிடுகிறது. ஆறு எபிசோடுகள். எழுத்துப் பொறுப்பு பிஷா கே. அலி. கமலாவாக நடித்த ஈமான் வெல்லானி கராச்சியில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர்; இதற்கு முன் நடித்த அனுபவமே இல்லாதவர்.

முதலில் அந்த 98-க்கு வருவோம். இது பரீட்சை மார்க் இல்லை. நூறு விமர்சகர்களில் 98 பேர் 'பார்க்கலாம்' என்ற பக்கம் சாய்ந்தார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். பத்துக்கு ஆறு போட்டவரும் அந்தக் கணக்கில்தான் வருவார். பத்துக்குப் பத்து போட்டவரும் அதே கணக்கில்தான். எல்லாருக்கும் ஓரளவு பிடித்த படம் 98 வாங்கிவிடும். பாதிப் பேர் கொண்டாடி, பாதிப் பேர் திட்டித் தீர்த்த படம் ஐம்பதில் நின்றுவிடும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தொடர் வெளியாவதற்கு முன்பு விமர்சகர்களுக்குப் போட்டுக் காட்டப்பட்டவை முதல் இரண்டு எபிசோடுகள்தான். ஆறில் இரண்டு! அந்த இரண்டும் தொடரின் மிகச் சிறந்த பகுதிகள் என்பது மார்வெலுக்குத் தெரியாமலா இருக்கும்? அவற்றில் ஆதில் எல் அர்பி, பிலால் ஃபல்லா இருவரும் இயக்கிய முதல் எபிசோடில் துள்ளாத ஃபிரேமே இல்லை. கமலா மனசுக்குள் நினைப்பதெல்லாம் பின்னால் இருக்கும் சுவரில் ஓவியமாக ஓடுகிறது. நண்பனுக்கு அனுப்பும் குறுஞ்செய்தி, தெருவிலுள்ள கடைகளின் நியான் விளக்காக எரிகிறது.

அந்த எபிசோடில் ஒரு காட்சி. அவெஞ்சர்ஸ் ரசிகர்கள் கூடும் 'அவெஞ்சர்கான்' விழாவுக்குப் போக வேண்டும் என்று கமலா அடம்பிடிக்கிறாள். ராத்திரி நேரம், ஆண் பிள்ளைகள் வருவார்கள் என்று அம்மா முனீபா மறுக்கிறாள். பிறகு மனமிரங்கி, அப்பா யூசுஃப் துணைக்கு வந்தால் போகலாம் என்கிறாள். அதோடு நிற்காமல் இரண்டு பேருக்கும் பச்சை நிறத்தில் சல்வார் கமீஸ் ஹல்க் உடையும் தயார்! பெரிய ஹல்க் அப்பா, சின்ன ஹல்க் மகள். முகத்தில் பச்சைச் சாயத்தைப் பூசிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வந்து நிற்கிறார் அப்பாவாக நடித்த மோகன் கபூர். மகளோ, இந்தக் கோலத்தில் அங்கே வந்தால் மானம் போய்விடும் என்கிற மாதிரி வெடிக்கிறாள். பச்சைச் சாயத்துக்கு அடியில் அந்த அப்பாவின் முகம் விழுவதை கேமரா அவசரப்படாமல் பார்க்கிறது. சூப்பர்ஹீரோ கதைகளில் ஊர் அழிவதை ஆயிரம் தடவை பார்த்துவிட்டோம். ஒரு பிள்ளை பெற்றோரைப் பார்த்து வெட்கப்படும் அரை நிமிடம் அதைவிடப் பெரிய சேதம் செய்கிறது.

இரண்டாவது எபிசோடில் மசூதி வருகிறது. பெண்கள் தொழும் பக்கம் பராமரிப்பில்லாமல் கிடக்கிறது என்று தோழி நக்கியா பொருமுகிறாள். அவளுடைய விலை உயர்ந்த ஷூவை யாரோ வாசலிலேயே சுட்டுவிட்டார்கள். அதற்காகவே மசூதி நிர்வாகக் குழுத் தேர்தலில் நிற்கிறாள். கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்த அனுபவமுள்ள யாருக்கும் இந்தக் காட்சிக்கு சப்டைட்டில் தேவைப்படாது. ஹாலிவுட்டில் மசூதி என்றால் தீவிரவாதி என்று இருந்த இடத்தில், செருப்புத் திருட்டு பேசுபொருளாவது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இந்த இரண்டு எபிசோடுகளைப் பார்த்துவிட்டு எழுதியவர்கள் கொண்டாடியதில் தவறில்லை. என் மனத்தாங்கல் வேறு. பல விமர்சனங்கள் 'முதல் முஸ்லிம் நாயகி', 'முதல் பாகிஸ்தானியப் பெண்' என்பதிலேயே பாதி இடத்தைச் செலவழித்தன. வந்ததே பெரிய விஷயம் என்று பாராட்டுவது, பந்தியில் உட்கார வைத்ததே போதும், சாப்பாட்டின் ருசியைப் பற்றிப் பேசாதே என்பது போலத்தான். அந்தப் பாராட்டில் ஒரு மெல்லிய அலட்சியம் இருந்தது.

ஒற்றை நட்சத்திரக்காரர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொடர் வெளியான கையோடு வந்து குவிந்த அந்த வாக்குகளில் பலருடைய கோபம் கதை மேல் இல்லை. நாயகியின் பெயர், மதம், பாலினம் ஆகியவற்றின் மேல்தான். 'ரிவ்யூ பாம்பிங்' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. 2019-ல் 'கேப்டன் மார்வெல்' படத்துக்கும் இப்படித்தான் நடந்தது. வெளிவராத படத்தைப் பற்றிப் பார்வையாளர்கள் கருத்துச் சொல்லும் வசதியையே அப்போது ராட்டன் டொமேட்டோஸ் தூக்கிவிட்டது. அதற்குப் பதிலடியாகப் பத்து நட்சத்திரம் போட்டவர்களிலும் பார்த்துவிட்டுப் போட்டவர்கள் எத்தனை பேரோ!

சாம்பா டிவி கணக்கைக்கூட அப்படியே விழுங்க முடியாது. அது அமெரிக்க வீடுகளின் டிவித் திரையை மட்டும் எண்ணுகிறது. படுக்கையில் போனிலும் லேப்டாப்பிலும் பார்க்கிற பதினைந்து வயதுக்காரர்கள் அதில் இல்லை. இந்தத் தொடரோ அவர்களுக்காகவே எடுக்கப்பட்டது. தவிர, அதே புதன்கிழமைகளில் அதே டிஸ்னி பிளஸ்ஸில் 'ஓபி-வான் கெனோபி' ஓடிக்கொண்டிருந்தது. நெட்ஃபிளிக்ஸில் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காம் சீசன், பிரைமில் 'தி பாய்ஸ்' மூன்றாம் சீசன். புதுமுகப் பெண் ஒருத்தியை இதைவிட மோசமான வாரத்தில் இறக்கிவிட்டிருக்க முடியாது.

சரி, உருப்படியான விமர்சனம் யாரிடமிருந்து வந்தது?

முதலில் காமிக்ஸ் வாசகர்கள். கமலா கான் 2013-ல் காமிக்ஸில் தலைகாட்டி, 2014-ல் தனிப் புத்தகம் கண்டவள். ஜி. வில்லோ வில்சன் எழுத, ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்தார். கமலாவை உருவாக்கியதில் எடிட்டர் சனா அமனத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அதன் முதல் தொகுதி 2015-ல் ஹியூகோ விருது வாங்கியது. அந்தக் கமலாவின் சக்தி, உடம்பை இழுத்து நீட்டுவது, உருவத்தையே மாற்றிக்கொள்வது. முதல் தடவை சக்தி வந்ததும் அவள் யாராக மாறுகிறாள் தெரியுமா? பொன்னிற முடியும் வெள்ளைத் தோலுமாக, அவள் பூஜிக்கும் கேப்டன் மார்வெலாக! அப்படி மாறிய பிறகுதான் அந்த உடம்பு தனக்குச் சரிப்படாது என்று புரிகிறது. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் வளர்ந்து தொலைக்கிற பருவத்தின் சங்கடமும், வேறொருத்தியாக இருக்கலாகாதா என்கிற ஏக்கமும் அந்தச் சக்திக்குள்ளேயே இருந்தன.

தொடரில் இது மொத்தமும் போய்விட்டது. வளையலை மாட்டினால் ஊதா நிறப் படிகம் போல வெளிச்சம் கெட்டிப்பட்டு மேடையாகிறது, கேடயமாகிறது. பார்க்க அழகுதான். ஆனால் டிசி காமிக்ஸ் நாயகன் கிரீன் லாண்டர்ன்கூட இதைத்தானே செய்வார் என்று வாசகர்கள் கேட்டதற்குப் பதிலே இல்லை. அதே சமயம் இன்னொரு நியாயமும் இருக்கிறது. வளையல் கொள்ளுப்பாட்டியுடையது. வேறொருத்தியாக மாறத் துடித்தவளின் கதை, தன் வீட்டுப் பெண்களைத் தேடிப் போகிறவளின் கதையாகிவிட்டது. லாபமா நஷ்டமா என்று கேட்டால் நான் நஷ்டம் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த நஷ்டத்துக்கு ஈடாகக் கிடைத்தது ஐந்தாவது எபிசோடு.

இங்கேதான் பாகிஸ்தானிய, இந்தியப் பார்வையாளர்கள் பேச ஆரம்பித்தார்கள். நான்காவது, ஐந்தாவது எபிசோடுகளை இயக்கியவர் ஷர்மீன் ஒபைத்-சினாய். ஆவணப்படங்களுக்காக இரண்டு ஆஸ்கர் வாங்கிய கராச்சிக்காரர். கமலா 1947-க்குப் போய் விழுகிறாள். கடைசி ரயில் புறப்படப் போகிறது. ஸ்டேஷன் முழுக்க மனிதர்கள். ஒரு பாட்டி பெட்டிக்குள்ளிருந்து கையை நீட்டுகிறாள், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ஒரு குழந்தை அப்பாவின் கையை விட்டுவிடுகிறது. அந்தக் குழந்தைதான் கமலாவின் பாட்டி. ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேரை இடம்பெயர வைத்த பிரிவினையை, உலகம் முழுக்கக் குழந்தைகள் பார்க்கும் ஒரு மார்வெல் தொடர் இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்க்கும் என்று யார் நினைத்தார்கள்?

நெகிழ்ந்தவர்களே குறையும் சொன்னார்கள். பாகிஸ்தானிய நட்சத்திரங்களான ஃபவாத் கானையும் மெஹ்விஷ் ஹயாத்தையும் கூட்டிவந்து இவ்வளவு கொஞ்ச நேரம்தானா? இந்தி நடிகர் ஃபர்ஹான் அக்தர் வந்த வேகத்தில் செத்துப்போக வேண்டுமா? கராச்சியைக் காட்டுகிறேன் என்று பாங்காக்கில் படம் பிடித்தால், கராச்சிக்காரர்களுக்குத் தெரியாமல் போகுமா? ஜின் என்ற நம்பிக்கையைச் சூப்பர்ஹீரோ வகையறாவோடு சேர்த்ததும் சில முஸ்லிம் பார்வையாளர்களுக்கு உறுத்தியது. எல்லாரும் சேர்ந்து கைகாட்டிய ஓட்டை, வில்லி. வேற்று உலகத்திலிருந்து துரத்தப்பட்ட நஜ்மா, வீடு திரும்ப யாரையும் கொல்லத் தயாராக இருக்கிறாள். ஐந்தாவது எபிசோடில், கமலா நாலு வார்த்தை பேசியதும் மனம் மாறி உயிரையே விடுகிறாள். நிம்ரா புச்சா போன்ற தேர்ந்த நடிகைக்கு எழுதப்பட்ட பாத்திரம் இது என்பது கொடுமை. முதல் இரண்டு எபிசோடோடு நின்ற விமர்சனங்களில் இந்த ஓட்டைக்கு இடமே இல்லை. ஆனால் 98 மட்டும் ராட்டன் டொமேட்டோஸில் பளபளக்கிறது.

பாகிஸ்தானில் அப்போது டிஸ்னி பிளஸ் இல்லை. அதனால் அங்கே இந்தத் தொடர் இரண்டிரண்டு எபிசோடுகளாக ஜூன் 16, ஜூன் 30, ஜூலை 14 என்று தியேட்டர்களில் வெளியானது. யாருடைய பாட்டியின் கதையோ, அவர்கள் டிக்கெட் எடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கூட்டமும் சாம்பா டிவியின் கணக்கில் சேராது. நம் ஊர்ச் செய்திகளில் அடிபட்டதோ வேறு விஷயம்: ரஜினியின் 'லிங்கா'வில் ரஹ்மான் இசையில் எஸ்.பி.பி. பாடிய 'ஓ நண்பா' பாட்டு முதல் எபிசோடில் ஒலிக்கிறது! நமக்கு அது போதுமே.

2023 நவம்பரில் 'தி மார்வெல்ஸ்' படத்தில் கமலா பெரிய திரைக்கு வந்தாள். உலகம் முழுக்கச் சுமார் 20 கோடி டாலர் வசூல்; அதுவரை வந்த மார்வெல் ஸ்டுடியோஸ் படங்களிலேயே குறைவு. படத்தைக் கிழித்தவர்கள்கூட வெல்லானியைப் பாராட்டத் தவறவில்லை.

'மிஸ் மார்வெல்' தொடரின் கடைசி எபிசோடில் கமலாவின் மரபணுவில் ஏதோ 'மியூட்டேஷன்' இருப்பதாக நண்பன் புரூனோ சொல்கிறான். பின்னணியில் எக்ஸ்-மென் கார்ட்டூனின் இசை ஒரு கணம் வந்து போகிறது. காமிக்ஸ் ரசிகர்கள் கொதித்தார்கள். காமிக்ஸில் கமலா, எக்ஸ்-மென் போன்ற மியூட்டன்ட் இல்லை; இன்ஹியூமன் என்ற வேறொரு இனம். பத்து வருடக் கதையை ஒரே வசனத்தில் அழிப்பதா என்றார்கள். மார்வெல் அசரவில்லை. 2023 மே மாதம் காமிக்ஸில் கமலாவைச் சாகடித்து, இரண்டே மாதத்தில் மியூட்டன்டாக உயிர்ப்பித்து, தொடரோடு கணக்கை நேர் செய்துகொண்டது. அந்தப் புதிய கமலாவின் காமிக்ஸை சபீர் பிர்சாதாவோடு சேர்ந்து எழுத மார்வெல் அழைத்தது ஈமான் வெல்லானியை. மார்வெல் படங்கள் நடக்கும் பிரபஞ்சத்துக்குக் கொடுக்கப்பட்ட அடையாள எண் தப்பு என்று மார்வெல் ஸ்டுடியோஸ் தலைவர் கெவின் ஃபைகியோடு பகிரங்கமாகவே மல்லுக்கு நின்ற தீவிர ரசிகை அவர்.