உயர் சிறப்பு மருத்துவர்கள் எப்படித் தேர்வாகிறார்கள்?

இதயம், நரம்பு, சிறுநீரகம் என ஓர் உறுப்பையே தன் துறையாகக் கொண்ட மருத்துவர் மூன்று வாசல்களைக் கடந்து வந்தவர். எம்.பி.பி.எஸ். முதல் வாசல். பொது மருத்துவத்தில் எம்.டி. அல்லது அறுவை மருத்துவத்தில் எம்.எஸ். இரண்டாவது. அதற்கும் மேலே மூன்றாண்டு டி.எம்., எம்.சிஎச். படிப்புகள் இருக்கின்றன. இதே தகுதியை டி.ஆர்.என்.பி. என்ற பெயரில் தேசிய தேர்வு வாரியமும் வழங்குகிறது. மூன்றாவது வாசல்தான் மிகக் குறுகியது. நாடு முழுவதும் எம்.டி., எம்.எஸ். முடித்தவர்கள் சில ஆயிரம் இடங்களுக்காக மோதுகிறார்கள்.

2017 முதல் இந்த வாசலின் சாவி நீட் எஸ்.எஸ். என்ற ஒரே தேர்வு. 150 கேள்விகள், 600 மதிப்பெண்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் கிடைக்கும். தவறான விடைக்கு ஒன்று குறையும். பிறகு இணையவழிக் கலந்தாய்வு. பொது மருத்துவம் முடித்த ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் இதயவியல், மதுரையில் இதயவியல், சென்னையில் சிறுநீரகவியல் என்று விருப்ப வரிசை கொடுத்திருப்பதாகக் கொள்வோம். அவருக்கு முன்னால் உள்ளவர்கள் முதல் இரண்டையும் எடுத்துவிட்டிருந்தால், கணினி அவருக்குச் சிறுநீரகவியலைத் தரும். அடுத்த சுற்றில் மேலே ஓர் இடம் காலியானால் அதற்கு மாறலாம். எட்டு ஒன்பது ஆண்டு படிப்புக்குப் பின் வாழ்நாள் துறை எது என்பதைச் சில தரவரிசை எண்களின் இடைவெளி தீர்மானித்துவிடுகிறது.

புதுச்சேரி ஜிப்மர், டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள் இந்த வரிசையில் சேர்வதில்லை. அவற்றுக்கு ஐ.என்.ஐ. எஸ்.எஸ். என்ற தனித் தேர்வு உண்டு. அதில் எழுத்துத் தேர்வோடு வேலை முடியாது. அந்தந்தத் துறையே அடுத்த கட்டமாக விண்ணப்பதாரரை மதிப்பிடுகிறது. நோயாளியை எப்படி அணுகுகிறார், பரிசோதனை முடிவுகளை எப்படிப் படிக்கிறார் என்பதைப் பேராசிரியர்கள் நேரில் பார்க்கும் வாய்ப்பு அங்கே மிஞ்சியிருக்கிறது. அறுவை அரங்கில் நிற்கப்போகிற ஒருவரைத் தேர்ந்தெடுக்க இந்த முறையே பொருத்தமானது.

மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பதன் சிக்கலை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வெளிப்படையாகவே எழுப்பியது. மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்றும் மனம் உள்ளவர்களைத் தன் சொந்த முறையில் தேர்ந்தெடுத்து வந்த கல்லூரி அது. பொதுக் கலந்தாய்வை ஏற்க மறுத்து, 2017இல் 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டுமே நிரப்பியது. உயர் சிறப்புப் படிப்புகளிலும் சேர்க்கையை ஏறக்குறைய நிறுத்திவைத்தது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீட் தேர்வு சிறுபான்மை நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் வழி வேறு. விண்ணப்பதாரர் தான் விரும்பும் மருத்துவமனைகளை வரிசைப்படுத்துகிறார். நேர்காணல் முடித்த மருத்துவமனைகளும் விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்துகின்றன. இரண்டு பட்டியல்களையும் கணினி பொருத்துகிறது. இந்தக் கணக்குமுறையைச் செப்பனிட்ட ஆல்வின் ராத், லாயிட் ஷாப்லியுடன் 2012இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அங்கே பரிந்துரைக் கடிதமும் நேர்காணலும் கனமானவை. செல்வாக்குக்கு இடம் கொடுக்கும் அபாயமும் அதே வழியில்தான் நுழைகிறது. சிபாரிசுக்குப் பழக்கப்பட்ட இந்தியச் சூழலில் ஒற்றைத் தேர்வுக்கு ஆதரவு கிடைத்ததற்கு இதுவும் காரணம்.

ஒற்றைத் தேர்வும் அடிக்கடி தடுமாறியிருக்கிறது. முன்பு 60 விழுக்காடு கேள்விகள் சேர விரும்பும் உயர் சிறப்புத் துறையிலிருந்து வரும். 40 விழுக்காடு அடிப்படைத் துறையிலிருந்து வரும். 2021 நவம்பர் தேர்வுக்குச் சுமார் இரண்டு மாதங்களே இருந்தபோது, எல்லாக் கேள்விகளும் அடிப்படைத் துறையிலிருந்தே வரும் என்று அறிவிக்கப்பட்டது. இதயவியலுக்காக ஆண்டுக்கணக்கில் படித்தவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். இளம் மருத்துவர்களை அதிகார விளையாட்டில் பந்தாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. மாற்றம் அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போனது.

தமிழகத்துக்கு இதைவிடப் பெரிய வழக்கு அரசு மருத்துவர் ஒதுக்கீடு. உயர் சிறப்புப் படிப்புகளில் சாதிவாரி ஒதுக்கீடு கிடையாது. மாநிலத்தின் 69 விழுக்காட்டு ஒதுக்கீடு அங்கே செல்லாது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாலுகா மருத்துவமனைகளிலும் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு மாநில அரசுக் கல்லூரிகளில் பாதி இடங்களை ஒதுக்கும் வழக்கம் இங்கே இருந்தது. நீட் எஸ்.எஸ். வந்தபின் அது நின்றது. பட்டமேற்படிப்பில் இத்தகைய ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று அரசியல் சாசன அமர்வு கூறியது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு உயர் சிறப்புப் படிப்புகளுக்கும் 50 விழுக்காட்டை அறிவித்தது. அந்த ஆண்டுக்கு உச்ச நீதிமன்றம் அதை அனுமதிக்கவில்லை. 2022 மார்ச் 16 அன்று அனுமதித்தது.

இந்த ஒதுக்கீட்டின் நியாயம் நெய்வேலி போன்ற ஊரிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். நகரியத்தில் என்.எல்.சி. பொது மருத்துவமனை இருக்கிறது. கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி சிதம்பரத்தில் இருக்கிறது. ஆனாலும் சிக்கலான இதய அறுவை, சிறுநீரக மாற்று என்றால் ஜிப்மருக்கோ சென்னைக்கோ புறப்படுவதுதான் சுற்றுவட்டார மக்களின் வழக்கம். உயர் படிப்பு முடித்த தனியார் மருத்துவர் பெருநகரத்தை விட்டு வருவது அரிது. அரசுப் பணியிலிருந்து படிக்கச் செல்பவரோ படிப்பு முடிந்ததும் அரசு மருத்துவமனைக்கே திரும்பக் கடமைப்பட்டவர்.

இத்தனை போட்டிக்கு நடுவிலும் ஆண்டுதோறும் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்பது வேதனை. இதயவியலும் குடல் மருத்துவமும் முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடும்; இதய அறுவை, குழந்தைகள் அறுவை போன்ற துறைகளுக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. நீண்ட பயிற்சி, இரவு பகலற்ற உழைப்பு, தாமதமாக வரும் வருமானம் ஆகியவற்றைக் கணக்கிட்டே இளைஞர்கள் அவற்றைத் தவிர்க்கிறார்கள். தகுதி மதிப்பெண்ணைக் குறைத்துக் கூடுதல் சுற்றுகள் நடத்தியும் எல்லா இடமும் நிரம்புவதில்லை. மாநில ஒதுக்கீட்டில் மிஞ்சும் இடங்களை அகில இந்தியக் கலந்தாய்வுக்குத் திருப்பித் தர வேண்டுமா என்பதிலும் வழக்குகள் நடந்திருக்கின்றன. நிரம்பும் இடங்களுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அரசுக் கல்லூரியில் சேர்பவர்களிடம் படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட காலம் அரசுப் பணி செய்வதாகப் பல மாநிலங்கள் ஒப்பந்தப் பத்திரம் வாங்குகின்றன. இந்த நிபந்தனை செல்லும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.